குளத்தில் தண்ணீர் வற்றும் மாதங்கள்

மருதடிக்குளம்,
படுவான்கரை.
18.02.1992

அன்புள்ள ஜோசப்பினுக்கும் மகள் புளோறாவுக்கும்,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். முதல் வரியில் இதைத்தான் எழுதவேண்டும் என்று சொல்லியிருந்தாய், எழுதிவிட்டேன். நான் வெளிக்கிட்டபோது நீ வாசலுக்கு வரவில்லை. வந்தால் அழுவாய் என்று தெரிந்து நானும் கூப்பிடவில்லை. தோணித்துறையில் ஆமிக்காரர் யாரும் என்னை மறிக்கவில்லை. தயிர்ச்சட்டி கொண்டுபோய்த் திரும்பும் பெண்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு இந்தக் கரைக்கு வந்துவிட்டேன்.

தை மாதச் சுற்றிவளைப்பில் பிடித்துப்போய் ஒரு கிழமை வைத்திருந்து விட்டவர்கள், திரும்பவும் நாவற்குடாவுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். ஆகையால் நான் வந்தது பிழை என்று நினைக்காதே. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் எல்லாம் அடங்கிவிடும். அதற்குள் வந்துவிடுவேன்.

சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் கோணாமலை அண்ணனை உனக்குத் தெரியும்தானே. அவருடைய வளவில்தான் இருக்கிறேன். குளக்கட்டுக்குக் கீழே ஓலையால் வேய்ந்த ஒரு வாடி. இரவில் நல்ல பனி. நீ தந்துவிட்ட போர்வை இல்லாவிட்டால் விறைத்திருப்பேன்.

குளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மாரி வெள்ளம் இன்னும் தெளியவில்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் குளக்கட்டை முட்டக் கிடக்கிறது. வாவியில் வளர்ந்த எனக்கு இது பிறத்தியார் வீடு மாதிரி. உப்பு இல்லை, ஏற்றம் வற்றம் இல்லை. வாவியில் தண்ணீரின் மேல்தோல் அசைவதைப் பார்த்தே திரளி மீன் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவேன். இந்தத் தண்ணீர் முகத்தையே காட்டுவதில்லை. முதல் நாள் பெரிய கெட்டிக்காரன் போல வீச்சுவலையைத் தூக்கிக்கொண்டு போனேன். குளம் கட்டிய காலத்தில் வெட்டாமல் விட்ட மரங்கள் அடியில் நிற்கின்றன. இரண்டாவது வீச்சில் வலை சிக்கி, பாதிதான் கையோடு வந்தது. கோணாமலை அண்ணன் கரையில் இருந்து சிரிக்கிறார். “தம்பி, இது உங்கட ஆறு இல்ல. இங்க வீசப்படாது. கட்டிப்போட்டுட்டுப் பாத்துக்கொண்டு இரிக்கோணும்.”

இப்போது அவர் சொன்னபடி பொழுதுசாய ஆம்பல் ஓரமாக வலையைக் கட்டி, விடிந்ததும் இழுக்கிறோம். தண்ணீர் குளிர்ந்து கிடப்பதால் மீன் அடியில் படுத்துவிட்டது. பனையேறியும் கெளிறும்தான் வருகின்றன. மாசி போகட்டும், தண்ணீர் தெளியட்டும் என்கிறார்.

புளோறாவின் இருமல் எப்படி? சுக்குத் தண்ணி கொடு. தயிர்க்கார ஆச்சிப்பிள்ளை அக்காதான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவா. பதில் எழுதி அவவிடமே கொடு.

உன் கணவன்,
பிலிப்பு

*

இயேசு மரி சூசை துணை

நாவற்குடா,
28.02.1992

அன்பான அத்தானுக்கு,

உங்கள் கடிதம் தயிர் மணத்தோடு வந்து சேர்ந்தது. ஆச்சிப்பிள்ளை அக்கா அதைச் சும்மாட்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தா. துறையில் சட்டிகளைத் திறந்து பார்த்தார்களாம், தலையில் கைவைக்கவில்லையாம். நான் வாசித்து முடியும்வரை திண்ணைக் குந்தில் இருந்துவிட்டு, “அவர் மெலிஞ்சுதான் போனார் புள்ள, ஆனா சாப்பிடுறார்” என்று சொல்லிவிட்டுப் போனா.

வாசலுக்கு வராதது அழுகைக்காக இல்லை. புளோறா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. நான் எழும்பினால் அதுவும் எழும்பி உங்களுக்குப் பின்னால் ஓடிவந்திருக்கும். யன்னலால் பார்த்தேன். சந்தி திரும்பும்வரைக்கும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இருமல் சுகம். பள்ளிக்கூடம் போகிறது. பக்கத்து வீட்டுத் திரேசம்மா மாமி இரவில் எங்களோடு வந்து படுக்கிறா. வாவியில் ஆண்கள் இறங்க இன்னும் விடவில்லை. பெண்கள் கரையோரத்தில் கையால் இறால் தடவலாமாம். நானும் மாமியும் போகிறோம். சேற்றுக்குள் விரலை விட்டுத் தடவும்போது முதல் இரண்டு நாளும் பயமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். குழம்புக்குக் காணும், சில நாள் விற்கவும் மிஞ்சும்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. நீங்கள் எழுதிய கடிதத்தில் குளத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அந்த ஒரு கிழமை உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகும் நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம் கிழிந்த வலையைப் பொத்தினீர்கள். நேரில் சொல்ல முடியாததைக் கடிதத்தில் எழுதுவார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

வருகிற புதன் விபூதிப் புதன். உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மனைவி,
ஜோசப்பின்

*

மருதடிக்குளம்,
15.03.1992

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ இறால் தடவப் போவதை நினைக்க மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கல்லுக்கடியில் கைவிடாதே, கெளிறு குத்தும்.

இங்கே தண்ணீர் தெளிந்துவிட்டது. காலையில் பனி விலகி வெயில் சுடத் தொடங்கியதும் மீன் அடியிலிருந்து கரைப்பக்கம் ஏறுகிறது. ஒரு முழம் ஆழத்தில் புல்லுக்குள் அசைவது தெரியும். இப்போது விரால் குஞ்சு பொரித்திருக்கும் காலம். குஞ்சுகள் சிவப்பாக ஒரே திரளாகத் தண்ணீரின் மேலே வந்து கொதிப்பது போல நிற்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல். தவளைக் குஞ்சின் முதுகில் தூண்டிலைக் குத்தி, உயிரோடு அந்தத் திரளின் மேல் தத்தவிட வேண்டும். விரால் பசிக்குக் கடிப்பதில்லை. குஞ்சைத் தின்ன வந்ததென்று கோபத்தில் கடிக்கிறது. கடித்தால் விடாது. கையை இழுத்துக்கொண்டு போகும்.

இதையெல்லாம் கோணாமலை அண்ணனின் தங்கை கண்ணகை சொல்லித் தந்தா. அவவின் புருஷனை முந்தின வருஷம் விறகு வெட்டப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் தகவல் இல்லை. அவர் ஓட்டிய தோணி சும்மா கவிழ்ந்து கிடந்தது. “கிடந்து உக்கிறதுக்கு நீங்க எடுத்து ஓட்டுங்க” என்று கண்ணகை தந்தா. ஓட்டையை அடைத்து இறக்கினேன். கண்ணகைக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மீனைக் கீறி உப்புப் போடுவது கண்ணகைதான். கைப்பக்குவம் நல்லது. இத்தோடு வரும் கருவாடு அவ போட்டது. விற்று உன் செலவுக்கு எடு.

நேற்று ஒரு சோடி விராலையும் பிடித்துவிட்டேன். முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து மற்றது. பிறகு தோணியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றன. எங்கே போவதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மற்ற மீன்கள் வந்துவிட்டன. நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாது. அன்று கறி எனக்கு இறங்கவில்லை. கண்ணகை ஒன்றும் கேட்காமல் தயிரும் சோறும் போட்டுத் தந்தா.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை. இன்னொரு நாள் பார்ப்போம்.

அன்பு,
பிலிப்பு

*

இயேசு மரி சூசை துணை

நாவற்குடா,
27.03.1992

அன்பான அத்தானுக்கு,

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, அதனால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை முதலில் எழுதுகிறேன். நீங்கள் திரும்பி வரலாம்.

நம்முடைய பங்குச் சுவாமி என்னையும் கூட்டிக்கொண்டு ஆமி முகாமுக்குப் போனார். காலையில் போய் மத்தியானம் வரைக்கும் மரத்தடியில் நின்றோம். பிறகு முகாம் பெரியவர் கூப்பிட்டார். சுவாமி சிங்களத்தில் கதைத்தார். உங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லையாம். வேறொருவருடைய பெயரோடு உங்கள் பெயர் மாறிப்போய்விட்டதாம். சுவாமி பொறுப்பெடுத்தால் நீங்கள் வரலாம், கொஞ்ச காலத்துக்குக் கிழமைக்கு ஒருதரம் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். சுவாமி அங்கேயே பொறுப்பெடுத்துவிட்டார். நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. திரேசம்மா மாமியைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை, நானும் புளோறாவும் சுவாமியோடு துறைக்கு வருவோம். நீங்கள் அந்தப் பக்கத்தால் வாருங்கள். சுவாமி கூட நின்றால் ஒருவரும் தொடமாட்டார்கள். புளோறாவுக்கு வெள்ளைச் சட்டை தைத்துவிட்டேன். அன்று இரவு பூசைக்கு மூன்று பேருமாகப் போகலாம்.

கருவாடு ஒரே நாளில் விற்றுப் போனது. உப்பு சரியான அளவு என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் குஞ்சுகளைப் பற்றி எழுதிய இடத்தைப் புளோறாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

கண்ணகை என்ன வயதுப் பெண்? உங்கள் கடிதத்தில் அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவ. பாவம்தான். நீங்கள் வரும்போது அவவுக்கு ஒரு சேலை கொடுக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

உங்கள்,
ஜோசப்பின்

*

மருதடிக்குளம்,
08.04.1992

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

சுவாமிக்கு என் நன்றியைச் சொல். பெரிய காரியம் செய்திருக்கிறார். நீயும் மரத்தடியில் நின்றிருக்கிறாய். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கட்டாயம் வருவேன். ஆனால் இப்போதுதான் குளம் திருந்தியிருக்கிறது. சிறுபோக வேளாண்மைக்குக் குளத்துத் துருசு மதகைத் திறந்துவிட்டார்கள். வாய்க்காலால் இரவும் பகலும் தண்ணீர் வயல் வட்டைக்குப் போகிறது. கரை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்வாங்குகிறது. தண்ணீர் குறையக் குறைய மீன் பழைய வாய்க்கால் பள்ளத்துக்குள் இறங்கிச் சேரும். அந்தப் பள்ளத்தின் வாயில் வலையைக் கட்டினால் போதும். வருஷத்தில் இந்தக் கொஞ்ச நாள்தான் இப்படி. கோணாமலை அண்ணனுக்கும் காய்ச்சல், பாயோடு கிடக்கிறார். தோணியை விட்டுவிட்டு உடனே வந்தால் இவர்களுக்கு ஆள் இல்லை. ஆனாலும் பெரிய சனிக்கிழமை வரப் பார்க்கிறேன்.

மத்தியானத்தில் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கிறது. எவ்வளவு நேரமும் உள்ளே நிற்கலாம், உடம்புக்கு இதமாக இருக்கிறது. ஆம்பல் இலைக்குள் நின்றால் கரையில் நிற்பவர்களுக்கு ஆள் இருப்பதே தெரியாது. பெரிய ரோட்டில் வாகனம் போனால் தண்ணீருக்குள் அந்தச் சத்தம் முதலில் கேட்கிறது. இதை நான் வாவியில் கவனித்ததில்லை.

கண்ணகைக்கு முப்பது இருக்கும். கேட்கவில்லை. அவவைப் பற்றித் தப்பாக நினைக்காதே. சேலை வேண்டாம்.

புளோறாவுக்கு முத்தம்.

பிலிப்பு

*

நாவற்குடா,
20.04.1992

அத்தானுக்கு,

சனிக்கிழமை காலையில் துறைக்குப் போனோம். சுவாமி வெயிலில் நிற்கக்கூடாத மனிதர். நின்றார். முதல் தோணி வந்தது, பார்த்தோம். பிறகு வந்தவற்றையும் பார்த்தோம். நெல் மூட்டை, விறகு, கோழி, தயிர், கிழவிமார் வந்தார்கள். ஒரு தடவை உங்கள் உயரத்தில் ஒருவர் இறங்கினார். புளோறா “அப்பா” என்று ஓடியது. அந்த மனிதர் பயந்துபோய் நின்றுவிட்டார். பிறகு அதன் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குப் பிறகு சென்றியில் காவல் நின்ற ஆமிப் பையன் என்னிடம் வந்து, “அம்மா, ஆள் வரல்லயா? நாளைக்கு வாங்க” என்று கொச்சைத் தமிழில் சொன்னான். புளோறாவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தான். அது என் முகத்தைப் பார்த்தது. நான் சாப்பிடு என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்.

இரவுப் பூசைக்கு நாங்கள் போகவில்லை. அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று புளோறா அப்படியே படுத்து நித்திரையாகிவிட்டது.

இன்று ஆச்சிப்பிள்ளை அக்கா வந்தா. உங்களுக்குக் காய்ச்சலோ என்று கேட்டேன். இல்லை என்றா. யாராவது மறித்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றா. அப்படியென்றால் என்ன அக்கா என்றேன். சட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தா. “என்னட்டக் கேக்காத புள்ள. அவர் அங்க நல்லாவும் இரிக்கார், நல்லா இல்லாமலும் இரிக்கார். நான் தயிர் விக்கிறவ. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியா.”

துருசும் பள்ளமும் எனக்கு வேண்டாம். மீன் பிடிப்பதற்கு இந்தக் கொஞ்ச நாள்தான் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்கு ஏழு வயது ஒருதரம்தான் வரும். உண்மையை எழுதுங்கள். அந்தப் பெண்தான் காரணம் என்றால் அதையும் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டு இருப்பேன். தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஜோசப்பின்

*

மருதடிக்குளம்,
04.05.1992

ஜோசப்பினுக்கு,

கோபிக்காதே. அன்று வெளிக்கிட்டேன். வேலை வந்துவிட்டது.

இங்கே தண்ணீர் நடுக்குளத்தில் இடுப்பளவு. ஓரமெல்லாம் முழங்கால். சேறாகிவிட்டது. வலை இனிச் சரிவராது. எல்லாரும் கரப்புப் போடுகிறார்கள். பிரம்புக் கூடையை அடி வாயால் சேற்றில் குத்தி, மேல் வாயால் கையைவிட்டுத் தடவி எடுப்பது. மத்தியானத்தில் தண்ணீர் சுட்டு மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. சிறியது செத்து மிதக்கிறது. கொக்கும் நாரையும் நிறைய.

மேற்கே இருந்து கச்சான் காற்றுத் தொடங்கட்டும். குளம் முடிந்துவிடும். அப்போது வருவேன்.

பிலிப்பு

*

நாவற்குடா,
26.05.1992

அத்தானுக்கு,

போன புதன்கிழமை நான் அங்கே வந்தேன். உங்களுக்கு இது தெரியாது. உங்களிடம் சொல்லவேண்டாம் என்று கண்ணகையிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லியிருக்கமாட்டா என்றே நினைக்கிறேன்.

புளோறாவைத் திரேசம்மா மாமியிடம் விட்டுவிட்டு ஆச்சிப்பிள்ளை அக்காவோடு துறை கடந்தேன். ஒரு வெறுஞ்சட்டியை எனக்கும் தலையில் வைத்துவிட்டா. வட்டை வழியாக நடந்தோம். பச்சை வயலுக்கு நடுவே போகும்போது, இந்தத் தண்ணீர்தானே உங்கள் குளத்திலிருந்து வந்தது என்று நினைத்தேன். வழியெல்லாம் உங்களிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். எல்லாம் கோபமான கேள்விகள்.

கண்ணகை வளவில் மீன் கீறிக்கொண்டு இருந்தா. என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினா. நான் பெயர் சொல்லவில்லை.

“நீங்க அவர்ர வீட்டுக்காரிதானே. இரிங்க அக்கா, நடந்து வந்திரிக்கீங்க” என்று பாயைப் போட்டா. செம்பில் தண்ணீர் தந்தா. நான் குடிக்கவில்லை. அவர் எங்கே என்றேன்.

“குளத்துக்குள்ள.”

“என்ர மனுசனை எதுக்குப் பிடிச்சு வைச்சிருக்கிறாய்?” என்று கேட்டேன். நான் அப்படிக் கதைக்கிறவள் இல்லை. அன்று கதைத்தேன்.

அவ கோபப்படவில்லை. “நான் பிடிச்சு வைக்கல்ல அக்கா. போகச் சொன்னன். நீங்க துறையில நிப்பீங்க எண்டு சொன்ன அண்டைக்கு உடுப்பெல்லாம் தோச்சுக் குடுத்தன். வெளிக்கிட்டுத்தான் போனார். துறைக்குக் கிட்டப் போனவராம். மத்தியானம் பாத்தா நனைஞ்ச உடுப்போட குளத்துக்குள்ள நிக்கார்.” பிறகு சொன்னா, “பொய் சொல்லமாட்டன். எனக்கும் வீட்டில ஒரு ஆள் இரிக்கிறது ஆறுதல்தான். பிள்ளைகளும் அவரோட ஒட்டிட்டுதுகள். ஆனா அவர் இங்க நிக்கிறது எனக்காக இல்ல. வந்து பாருங்க.”

குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. மருத மரத்தடியில் நின்றோம். நீங்கள் எழுதியபடிதான் குளம் கிடந்தது. ஓரமெல்லாம் வெடித்த சேறு, நடுவில் மட்டும் தண்ணீர். நீங்கள் கரப்போடு நின்றீர்கள். தோளெலும்பு தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது. ஆனாலும் குனிந்து கூடையைக் குத்துகிற விதத்தில் நீங்கள்தான் என்று தெரிந்தது. வாயைத் திறந்து கூப்பிடப் போனேன்.

அப்போது கட்டின் மறுமுனையில் ஒரு உழவு மெசின் வந்தது. வயலுக்குப் பசளை ஏற்றிக்கொண்டு வருகிற மெசின். பெட்டியில் இரண்டு பேர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் அந்தச் சத்தத்துக்குக் கரப்பை விட்டுவிட்டு நடுப்பள்ளத்துக்கு ஓடினீர்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தினீர்கள். கழுத்து வரைக்கும், பிறகு வாய் வரைக்கும். ஒரு ஆம்பல் இலையைப் பிய்த்துத் தலைக்கு மேலே பிடித்தீர்கள். பட்டப்பகல் அத்தான். குளக்கட்டில் நின்ற எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மெசினில் வந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்காத மாதிரிப் போனார்கள். அவர்களுக்குப் பழக்கம் போல.

மெசின் போய்ச் சத்தமும் அடங்கிவிட்டது. நீங்கள் எழும்பவில்லை.

“இப்ப எழும்பமாட்டார். நான் போய்க் கூப்பிடோணும்” என்றா கண்ணகை. “நாய் குரைச்சாலும் இப்படித்தான். சில நாள் விடியும்வரைக்கும் நிப்பார். அங்க என்ன நடந்ததெண்டு எனக்கும் சொல்லல்ல. நான் கேக்கவும் இல்ல.”

நான் அவவின் கையைப் பிடித்தேன். நான் கூட்டிக்கொண்டு போகட்டா என்று கேட்டேன்.

“கூட்டிப் போங்க அக்கா. உங்கட மனுசன். ஆனா துறையில ஆமிக்காரன் ‘நில்லு’ எண்டு சொன்னா இவர் எங்க இறங்குவார்? ஓடினாச் சுடுவானே.”

சுவாமி கூட நின்றாலும் நீங்கள் ஓடுவீர்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருதரம் முகாமுக்குள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும் என்பதையும் நினைத்தேன்.

அவ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினா. பக்கத்தில் போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று என்னவோ கதைத்தா. எனக்குக் கேட்கவில்லை. குளத்தைப் பற்றியோ மீனைப் பற்றியோ இருக்கவேண்டும், கையை நீட்டி நீட்டிக் காட்டினா. நெடுநேரம் கதைத்தா. நீங்கள் இலையை இறக்கினீர்கள். பிறகு எழும்பினீர்கள். அவ உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தா. ஒரு சின்னப்பிள்ளை துவாயோடு வந்து நின்றது. நீங்கள் அதன் தோளில் கைவைத்துக்கொண்டு போனீர்கள்.

நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று வந்த நாளில் இருந்து என்னையே கேட்கிறேன். என் குரலுக்கும் நீங்கள் எழும்பி வந்திருப்பீர்களா? தெரியாது. வராமல் விட்டிருந்தால், அத்தான், நான் எந்தக் காலால் திரும்பி நடந்திருப்பேன்?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, அந்தக் குளக்கட்டில் நின்றபோது போய்விட்டது. கண்ணகை மேலும் இல்லை. திரும்பும்போது அவ தந்த சோற்றைச் சாப்பிட்டேன். உங்களுடைய நெஞ்சுச் சளிக்கு எந்தத் தைலம், முதுகு எந்தப் பக்கம் பிடிக்கும், கோபம் வந்தால் எத்தனை நேரம் பேசாமல் இருப்பீர்கள் என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவ கவனமாகக் கேட்டா. நான் சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் அழுதோம். ஆச்சிப்பிள்ளை அக்காதான் ஆமிக்காரன் துறையைப் பூட்டிவிடுவான் என்று என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தா.

நீர்கொழும்பில் இருக்கும் என் அண்ணன் ஜெயராஜா வரச்சொல்லிக் கனகாலமாக எழுதிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வருவீர்கள் என்று மறுத்துக்கொண்டே இருந்தேன். இனிப் போகலாம் என்று இருக்கிறேன். புளோறாவை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமாம். வருகிற திங்கள் பஸ் ஏறுகிறோம். வீட்டைத் திரேசம்மா மாமி பார்த்துக்கொள்வா. சுவாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். போ மகளே என்றார்.

புளோறா கேட்டது, அப்பா செத்துப்போனாரா என்று. இல்லை, சுகமில்லாமல் இருக்கிறார், ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியிலா என்று கேட்டது. தண்ணீர்ப் பக்கம் ஒரு வீட்டில் என்றேன்.

நான் உங்களை வரச்சொல்லி இனி எழுதமாட்டேன். வருவதாக நீங்களும் எழுதவேண்டாம். அதை எழுதுவதற்கு உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்கவேண்டாம் என்று ஆச்சிப்பிள்ளை அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கண்ணகை கொஞ்சம் வாசிப்பாவாம். ஒரு வாகனமும் வராத நாளில், நீங்கள் நன்றாகச் சாப்பிட்டு நித்திரை கொண்டு எழும்பிய நாளில், மெதுவாக வாசித்துக் காட்டட்டும். அப்படி ஒரு நாள் வரும்வரைக்கும் அவவே வைத்திருக்கட்டும்.

புளோறாவின் அம்மா,
ஜோசப்பின்